நேராக ஒட்டிய காந்தங்கள்

பதுளையில் மோட்டார் சுற்றும் விஜேந்திரனுக்கு வேலை தெரியாது என்று அவன் எதிரிகூடச் சொல்லமாட்டான். யார் என்ன சொன்னாலும் கேட்டுவிடுவான், அதுதான் அவனிடம் உள்ள குறை. ஆட்டோ ஸ்டாண்டின் பன்னிரண்டு வண்டிகளையும் பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றித் தருவதாக வாய் விட்டிருந்தான். முதல் வண்டி ஒழுங்காக ஓடினால் மற்றவையும் அவன் கைக்கு வரும். ஓடாவிட்டால், மைத்துனன் கட்டாரிலிருந்து அனுப்பிய விசா வீட்டு மேசையில் தயாராகக் கிடக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் ஏசி துடைக்க வேண்டியதுதான்.

முதல் வண்டி ஸ்டாண்ட் தலைவர் றவூப் நானாவுடையது. அதற்கான மோட்டாரை விஜேந்திரன் தானே வரைந்து செய்தான். சுழலும் உருளையின் மேல் காந்தத் துண்டுகளை மூன்று வரிசையாக ஒட்டினான். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட ஒரு நெல்மணி அளவு விலகியிருந்தது. வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் அந்த வேலையை எல்லோர் கண்ணிலும் படும்படி கடை வாசலில் வைத்துச் செய்தான். தெருவுக்கு இது போதாதா?

எதிர்க்கடை ஹார்ட்வெயார் மஹ்ரூப் முதலாளி முதலில் வந்தார்.

"என்ன விஜி, கண்ணாடி மாத்தணுமா? எல்லாம் கோணலா ஈக்கி."

"வேணும்னுதாங்க முதலாளி அப்படி ஒட்டினேன்."

"பிழை செஞ்சவன் எல்லாரும் அதத்தான் சொல்ற."

பூக்கடை அன்னலட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார். "எம் மருமக போடுற கோலம் மாதிரியே இருக்கு தம்பி. நானா பார்த்தா என்னா நெனைப்பாரு?"

அந்தக் கடைசிக் கேள்விதான் விஜேந்திரனைக் குடைந்தது. அன்று மாலையே சுடுகாற்றில் பசையை இளக்கி, அடிமட்டம் வைத்து எல்லாவற்றையும் நேராக்கினான். மஹ்ரூப் அதை மெச்சிப் போனில் படமே எடுத்துக்கொண்டார்.

அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டியோ, மாற்றிக் கட்டிய வண்டியோ சேர வேண்டுமானால், பின்சீட்டில் ஒருவர் விளிம்புவரை ஊற்றிய பிளேன்டீயோடு உட்கார, பசறை வீதி ஏற்றத்தில் நடைவேகத்தில் ஏற வேண்டும். தேநீர் சிந்தினால் இடமில்லை. விஜேந்திரன் ஓட்ட, றவூப் நானா வெள்ளைச் சட்டையில் கிளாஸோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி விக்கல் எடுத்ததுபோல் இழுத்து இழுத்து நகர்ந்தது. பத்தாவது விக்கலில் தேநீர் முழுவதும் சட்டையில்.

தெரு முழுக்கச் சிரித்தது. விஜேந்திரனுக்கு விசாத் தாள் கண்முன்னே ஆடியது.

"என்ன தம்பி இது?"

"காந்தம் எல்லாம் நேரா இருக்குங்க நானா. சுத்தியிருக்க இரும்புப் பல்லுகளை ஒரே நேரத்துல புடிச்சு ஒரே நேரத்துல விடுது. மடுல்சீமை பஸ் வந்ததும் மொத்த சனமும் ஒரே வாசல்ல முட்டுமே, அப்படி. வேகமாப் போனா தெரியாது. மெதுவா ஏறுறப்பதான் குலுக்கும். கொஞ்சம் கொஞ்சம் விலக்கி ஒட்டினா, வரிசையா ஒன்னுக்குப் பின்னால ஒன்னு ஏறும். குலுங்காது."

"இது தெரிஞ்சும் ஏன் நேரா ஒட்டின?"

விஜேந்திரன் மஹ்ரூப்பின் கடைப் பக்கம் பார்த்தான்.

"அப்ப என்ட சட்டையில ஊத்தினது தேத்தண்ணி இல்ல, மஹ்ரூப்ட யோசன." றவூப் நானா சட்டையைப் பிழிந்தார். "வியாழக்கிழம திரும்பி ஏறுவேன். அன்டைக்கும் சிந்தினா, நானே உன்ன கட்டார் பிளேனுக்கு ஏத்திவிடுவேன்."

மூன்று நாள் கடைக்கதவு பாதி இறங்கியே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் தெரு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவன் பெட்டி கட்டுகிறான் என்றே அன்னலட்சுமி அக்கா முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. மேட்டின் உச்சியில் றவூப் நானா தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சீனி கொறவு. மத்த வண்டியையும் ஒவ்வொன்னா அனுப்புறேன். ஒரு கண்டிசன். மோட்டார மூடித்தான் வெளிய எடுக்கோணும். ஒருத்தனுக்கும் தொறந்து காட்டாத."

திரும்பி வந்தபோது மஹ்ரூப் வாசலிலேயே காத்திருந்தார்.

"விஜி, இப்ப உள்ளுக்கு எல்லாம் நேராத்தானே?"

விஜேந்திரன் மூடியின் கடைசித் திருகை இறுக்கினான்.

"நூல் புடிச்ச மாதிரிங்க முதலாளி. நீங்க சொன்னபடியே."

மஹ்ரூப் பூக்கடைப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா அன்னலட்சுமி? நான் அன்டைக்கே சொன்னேனே!"