நானுஓயா வைப்பு

என் அப்பா வைரவன் செத்துப்போன பதினோராம் நாள், அவர் தங்கமான மனுஷர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. அதற்குக் காரணம் அவருடைய தபால் சேமிப்புப் புத்தகம்.

அட்டன் பஜாரில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. எங்கள் கடையில் சில சொற்களுக்கு இடம் கிடையாது. உப்பு தீர்ந்துபோனால் 'உப்பு இல்லை' என்று சொல்லக் கூடாது, 'உப்பு நாளைக்கு வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி அளக்கும்போது 'ஒன்று' என்று எண்ணக் கூடாது, 'லாபம்' என்று தொடங்க வேண்டும். கடையை மூடட்டுமா என்று கேட்டால் தலையில் குட்டு விழும், எடுத்து வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும். ஆகாத சொல்லைச் சொன்னாலும் எழுதினாலும் கடை படுத்துவிடும் என்று அப்பாவுக்கு அப்படி ஒரு பயம். முப்பது வருஷம் இதைக் கேட்டு, குட்டும் வாங்கி வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் கோட்டை விட்டேன்.

கடையை என் பெயருக்கு மாற்ற கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்கு சத்தியக் கடதாசி எழுத வேண்டும் என்றார்கள். அப்பாவின் தபால் புத்தகத்தையும், அவர் மடியிலேயே வைத்திருந்த சின்ன நோட்டையும் தூக்கிக்கொண்டு வழக்குப் பார்க்கும் புரொக்டர் ஐயாவின் கந்தோருக்குப் போனேன். கூடவே என் தங்கை யோகேஸ்வரியின் புருஷன் வீரபத்திரனும் வந்தான். கூப்பிடாத இடத்துக்கு முதல் ஆளாக வருவது அவனுக்குப் பிறவிக் குணம்.

புரொக்டரின் கிளாக்கர் நாகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, புத்தகத்தைப் புரட்டியவர் புருவத்தைத் தூக்கினார்.

"தம்பி, முப்பத்திரண்டாம் ஆண்டில இருந்து, நாலு வருஷமா, மாசா மாசம் பத்து ரூபா எடுத்திருக்கிறார். ஒரு மாசமும் விடேல்ல. இந்தக் காசு ஆருக்குப் போனது எண்டு கோர்ட்டில கேப்பினம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையைத் தையற்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அந்த வாடகையை மட்டும் அப்பா தபால் புத்தகத்தில் போட்டு வந்தார். என் கல்யாணத்துக்குச் சேர்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல நினைப்புதான்!

நோட்டைப் பிரித்தோம். அதில் மாதத்துக்கு ஒரு வரி, எல்லாம் ஒரே வரி: நானுஓயா வைப்பு, ரூபாய் பத்து.

"வைப்பு எண்டா டெபாசிட்," என்றார் கிளாக்கர். "ஆனா நானுஓயாவில ஆரிட்டக் கொண்டுபோய் டெபாசிட் போட்டவர்?"

வீரபத்திரன் தொண்டையைக் கனைத்தான். "கிளாக்கரய்யா, நீங்க படிச்சவங்க, அதான் வெளங்கல. வைப்புன்னா என்னான்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். மச்சான், மாமா மாசத்துல மொத ஞாயிறு ரயில் ஏறிப் போவாரே, பாக்கி வசூலுன்னு? எப்பவாவது ஒரு சதம் வசூலாகிக் கண்டியா?"

காணவில்லை. அது மட்டுமல்ல, வசூலுக்குப் போகிறவர் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, சால்வையை இரண்டு தடவை மடித்துப் போட்டுக்கொண்டு போவார். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அன்றைக்கு இரண்டு காதும் அடுப்பில் போட்ட மாதிரி இருந்தது. முப்பது வயதாகியும் எனக்குப் பெண் பார்க்க நேரமில்லை என்றவர், தனக்கு மட்டும் நானுஓயாவில் பார்த்துக்கொண்டாரா?

"ரெண்டு மூணு புள்ளைகளும் இருக்கும்," என்றான் வீரபத்திரன். "நாளைக்குப் பங்கு கேட்டு வரிசையா வந்து நிக்கும்." அவன் கவலை அவனுக்கு.

வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதற்குள் அடுப்படி வரைக்கும் செய்தி போயிருந்தது.

அப்பாவின் அக்கா ராக்காயி அத்தை ஒருத்திதான் தம்பிக்காகப் பேசினாள். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல. வைப்புன்னா செய்வினை வைப்புடா! நானுஓயாவுல எவனோ வச்சிருக்கான். அத எடுக்கத்தான் மாசா மாசம் காசு குடுத்திருக்கான். இல்லாட்டி நல்லா நடமாடின மனுஷன் திடுதிப்புன்னு நெஞ்சப் புடிச்சிக்கிட்டுச் சாவானா?" மறுநாளே எலுமிச்சம்பழமும் கடப்பாரையுமாக வந்து அடுப்படியைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் ஒரு பித்தளைக் கரண்டி கிடைத்தது. அம்மா பத்து வருஷமாகத் தேடிய கரண்டி.

அம்மா சீதாலெட்சுமி அந்தக் கரண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா செத்த அன்றிலிருந்து அவள் அழவும் இல்லை. பஜார் பெண்கள் மாரடித்து அழும்போதும், கழுத்தில் தாலியும் பெரிய அட்டியலுமாகச் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பஜாரில் பேச்சு. நோட்டில் இருந்ததை நான் மென்று விழுங்கிச் சொன்னபோது அவள் கை மெல்ல அட்டியலுக்குப் போனது.

"எனக்கு நாலு வருஷமாவே தெரியும்," என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"ஆளத் தெரியாது. இப்பதான் ஊரு தெரிஞ்சிருச்சே. அவளப் போய்க் கூட்டிட்டு வா."

"எதுக்கும்மா?"

"பதினாறாம் நாளு எனக்குத் தாலி அறுக்கப் போறீங்கல்ல? நான் மட்டும் எதுக்கு அறுத்துக்கணும்? அவளும் வந்து பக்கத்துல உக்காரட்டும். ரெண்டு பேருமாச் சேந்து அறுத்துக்கிறோம். அவ வராம எந்தச் சடங்கும் நடக்காது, சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டில் சொல்லவே கூடாத சொல்லை அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். நானும் இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் பிடித்தாகிவிட்டது, தலவாக்கலையிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் அம்மா இப்படி உட்கார்ந்தால் எங்கள் மானம் கப்பலேறிவிடும். பதினைந்தாம் நாள் விடிந்ததும் மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். வீரபத்திரனும் ஏறினான். நான் கூப்பிடவில்லை.

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி, வெற்றிலைக் கடைக்காரனிடம், "அட்டன் வைரவன் மாசா மாசம் வருவாரே, எங்க போவாரு?" என்று கேட்டேன்.

"அம்மாக்கண்ணு வீட்டுக்குத்தான்," என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல். "மேட்டுல, நீலக் கதவு."

ஊருக்கே தெரிந்திருக்கிறது! மேட்டில் ஏறும்போது அந்தப் பெண்பிள்ளையை என்னவெல்லாம் கேட்பது என்று வரிசையாக யோசித்து வைத்தேன். மூச்சு வாங்கியதில் பாதி மறந்துவிட்டது.

நீலக் கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. வெள்ளைச் சேலை, வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு சாவிக்கொத்து. அப்பாவை விட ஐந்து வயதாவது மூத்தவள். இவளா? எனக்குக் கோபத்துக்கு நடுவிலும் அப்பா மேல் ஒரு பரிதாபம் வந்தது.

"அட்டன் வைரவனத் தெரியுமா?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "தெரியாம? நாலு வருஷப் பழக்கம். மொத ஞாயிறு தவறாம வந்துருவாரு. இந்த மாசந்தான் காணல. ஒடம்புக்கு என்னா?"

வீரபத்திரன் முழங்கையால் என் விலாவில் இடித்தான்.

"உங்களுக்கும் அவருக்கும் என்ன?" என்றேன்.

"என்னாவா? வைப்புதான்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி சொல்கிறாள். என் காது சுட்டது. "இந்த வயசுல வெக்கமா இல்லியா உங்களுக்கு?"

"எனக்கு என்னா வெக்கம்? வெக்கமெல்லாம் அவருக்குத்தான். மொத நாளு அரை மணி நேரம் இந்த வாசல்லயே நின்னாரு. நான்தான் உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். எத்தன பேரு வந்து வச்சிட்டுப் போறாங்க, நீங்க மட்டும் எதுக்குக் கூச்சப்படுறீங்கன்னேன்."

"எத்தன பேரா?" வீரபத்திரனுக்குப் புரையேறியது.

"இந்த வருஷம் மட்டும் முப்பது பேரு. ஆம்பள மட்டுமா? மேல் டிவிஷன் பெரிய கங்காணி பொண்டாட்டிகூட ரெண்டு வச்சிருக்கு."

நான் வீரபத்திரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "ரெண்டு என்னத்த வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு காப்பு. என்னடா தம்பி, புரியாத மாதிரி கேக்குற? என்கிட்ட நகைய வைக்காம வேற என்னத்த வைப்பாங்க, தலையையா?"

அப்போதுதான் அறைக்குள் இருந்த இரும்புப் பெட்டி என் கண்ணில் பட்டது.

அடகு! அந்த ஒரு சொல்லைத்தான் அப்பா எழுதவில்லை. எழுதுவாரா? உப்பு இல்லை என்று சொல்லாத மனுஷர், தன் கைப்பட அடகு என்று எழுதுவாரா? நானே என் தலையில் ஒரு குட்டுக் குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அந்தச் சொல்ல வாயால சொல்லாதீங்கன்னு உங்கப்பா கெஞ்சினாரு," என்றாள் அம்மாக்கண்ணு. "அவரு சொல்லித்தான் நானும் வைப்புன்னு சொல்லிப் பழகிட்டேன். நீ அவரு மகன்தானே? மூக்கப் பாத்தாலே தெரியுது. அவரு எங்க?"

நான் குல்லாவைக் கழற்றினேன். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவள் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களை இந்தியச் சீமைக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது லயத்து ஆட்களுக்குக் கொடுத்த கடன் ஒரு சதமும் திரும்பவில்லை. கொழும்பு மொத்தக் கடைக்காரன் கழுத்தைப் பிடித்தான். அப்பா, மெருகு போட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் அட்டியலை வாங்கி வந்து, இங்கே முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வைத்துவிட்டு, அதே மாதிரி முலாம் பூசின ஒரு கில்ட் அட்டியலைச் செய்து கொண்டுபோய் அம்மா கழுத்தில் போட்டிருக்கிறார். அட்டனில் வைத்தால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நானுஓயா.

"வர்றப்பெல்லாம் பொட்டியத் தொறக்கச் சொல்லி, அத ஒரு தடவ பாத்துட்டுத்தான் காசக் குடுப்பாரு. 'சீதாவுக்கு இன்னும் தெரியாது அம்மாக்கண்ணு, தெரியாமலே மாத்திப் போட்டுருவேன்'னு சிரிப்பாரு. பாக்கி இன்னும் பத்து ரூபாதான். இந்த மாசம் வந்திருந்தா கையோட கொண்டு போயிருப்பாரு."

பாவி மனுஷர்! அந்தப் பத்து ரூபாயை அவள் விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"அது மட்டும் ஆகாது," என்றாள். "கடைசித் தவணையக் கட்டாமப் போனாருன்னு அவருக்கு ஒரு பேரு வரக் கூடாது. எடு."

என்னிடம் ஆறு ரூபாய் இருந்தது. மீதி நாலை வீரபத்திரன் மடியிலிருந்து எடுத்தான். எடுத்தவன் ரசீது கேட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அதே சுவரில் சாய்ந்திருந்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா அவ?"

"இதோ, கூட்டிட்டு வந்துட்டேன்," என்று துணி முடிச்சை அவிழ்த்து அவள் மடியில் வைத்தேன்.

அம்மா அட்டியலைக் கையில் எடுத்தாள். நிறுத்துப் பார்க்கிறவள் போல உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நடந்ததை நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அதை விடவில்லை. பிறகு கழுத்தில் கிடந்ததைக் கழற்றினாள். அது கிடந்த இடத்தில் பச்சையாக ஒரு கோடு. சோப்புப் புண் என்று இத்தனை நாள் எங்களிடம் சொல்லிவந்த கோடு.

"அன்னைக்கே தெரியும்டா," என்றாள். "போட்ட ரெண்டாம் நாளே கழுத்து பச்சையாயிருச்சு. அசல எவளுக்கோ குடுத்துட்டாருன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிருவாரோன்னு பயந்து கேக்கல. நாலு வருஷமா நெனச்சிக்கிட்டேதான் அவருக்குச் சோறு போட்டேன். இது கறுத்துப் போனா அவரு மானம் போயிருமேன்னு, வாரா வாரம் புளி போட்டுத் தேச்சேன்."

"உங்களுக்குத் தெரியாதுன்னு அவரு சிரிச்சாராம்மா."

"சிரிப்பாரு, சிரிப்பாரு." அம்மா எழுந்து நின்றாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் நான் சுமங்கலிதானே? அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா."

எடுத்துவந்து பிடித்தேன். அட்டியலைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பதினைந்து நாள் அடக்கிவைத்திருந்தது உடைந்துவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மனுஷா! நான்தான் ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஜார் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வைப்பு வேலை செய்கிறது என்று ராக்காயி அத்தை எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடினாள்.

"இந்தக் கில்ட்ட என்னம்மா செய்றது?" என்று கேட்டேன்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "அவரு படத்துக்கு மாட்டு. அவரு வாங்கினதுதானே, அவரே போட்டுக்கட்டும்."

ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து மாட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா," என்றாள் அம்மா, அழுதுகொண்டே. "கழுத்துக்கு நேரா வரட்டும். நாளைக்கு அதுக்குப் புளி போடணும்."