றொஷானி எடுத்த காற்றுச் சம்மட்டி

சீனன்குடாவிலிருந்து டவுனுக்குப் போகிற வீதியில், ஒரே வளவுக்குள் இரண்டு தொழில் நடந்தது. வலப்பக்கம் றிக்சனின் கராஜ். லொறி, டிப்பர், உழவு இயந்திரம் என்று பாரமானவை எல்லாம் அங்கேதான் வரும். இடப்பக்கம் அவனுடைய மனைவி றொஷானியின் ரயர்க் கடை. நடுவில், தகரக் கொட்டில் ஒன்றுக்குள், காற்றடைக்கிற பச்சை நிறக் கொம்பிறசர் நின்றது.

அந்தக் கொம்பிறசர் றொஷானியுடையது. கலியாணத்துக்கு முதலே அவள் ரயர் வேலை செய்தவள். அந்தக் காலத்தில் றிக்சன் இன்னொருவரின் கராஜில் வேலை பார்த்தான். எண்ணெய்க் குழாய்களை ஊதிச் சுத்தம் செய்யக் காற்று வேண்டுமென்று வந்து நிற்பான். ஒரு நாளில் மூன்று தடவை அடைபடுகிற எண்ணெய்க் குழாய் உலகத்தில் கிடையாது என்று அவளுக்கு விளங்க இரண்டு மாதம் பிடித்தது. பதினெட்டு வருடம் கழிந்த பிறகும் ஊரில் சிலர், கொம்பிறசரைச் சீதனமாக வாங்கியவன் என்று அவனைப் பகிடி பண்ணுவார்கள். அவனும் ஓம் என்று சிரிப்பான்.

மாரி மழை தொடங்கின பிறகு றிக்சன் கோயிலுக்கு ரீசேட்டோடு வரத் தொடங்கினான். திருப்பலிக்கு எப்போதும் வெள்ளைச் சேட்டுப் போடுகிற மனிதன். மூன்று ஞாயிறு றொஷானி பார்த்துக்கொண்டு இருந்தாள். நாலாவது ஞாயிறு சேட்டை மினுக்கி அவனுடைய கையிலேயே கொடுத்தாள். அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தபோது அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலக்கை விரல்களால் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விரல்கள் தடிக்குச்சிகள் போலப் பொத்தானில் பட்டு வழுக்கின.

அவள் போய் ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிவிட்டாள்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"மழைக்கு முந்தியே தொடங்கிட்டுது. விறைச்சுப்போய்க் கிடக்குது. பிறகு சரியாகும்."

"டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"காட்டினா சம்மட்டி பிடிக்க வேண்டாமெண்டு சொல்லுவார். பிறகு நான் என்னத்தைப் பிடிக்கிறது?"

அன்றைக்குப் பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் றொஷானிக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் இலங்கைத்துறையிலிருந்து வீரக்குட்டியின் மீன் லொறி வந்து சேர்ந்தது. வீரக்குட்டி அறுபதைத் தாண்டியவர், மெலிந்த தேகம், பேச்சில் நிதானம். ஸ்ரியறிங் திரும்ப மறுக்கிறது, வெருகல் பாலத்தில் ஒரு வளைவு எடுக்கத் தோள்மூட்டு கழன்றுவிட்டது என்றார். றிக்சன் முன்சில்லைக் கழற்றிப் பார்த்தான். கிங் பின் இறுகிப்போயிருந்தது. முன்சில்லு இடம் வலமாகத் திரும்புவது அந்த ஒரு உருக்குத் தண்டில்தான். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ அப்படி. வருடக்கணக்காக மீன்பெட்டிகளில் இருந்து வடிந்த உப்புத் தண்ணீர் அதைத் துருவால் அச்சோடு அச்சாக ஒட்டிவிட்டிருந்தது.

அன்றும் அடுத்த நாளும் அவன் பதினாலு இறாத்தல் சம்மட்டியால் அடித்தான். அதைப் பூட்டி வைக்கிற பூட்டாணியைக் கழற்றி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி அடித்தான். கிங் பின் ஒரு மயிரளவும் அசையவில்லை. இருபது அடிக்கு ஒருதரம் சம்மட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, வலக்கையை உதறுவான். உதறும்போது ரயர்க் கடைப் பக்கம் ஒருமுறை பார்ப்பான். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் தூக்குவான். வீரக்குட்டி பக்கத்தில் ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே ஊரில் மீனை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்றும், பாதி மீன் வழியிலேயே நெகிழ்ந்துபோகிறது என்றும் இரண்டொரு தடவை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை பின்னேரம் றொஷானி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குக் காலமை கடைக்குப் போவம். காத்தில அடிக்கிற எயார் ஹமர் ஒண்டு எடுப்பம்."

"எயார் ஹமரோ? அதெல்லாம் இப்ப வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? எல்லாக் கராஜிலயும் இருக்குது."

அவன் மறுபடி சம்மட்டியைத் தூக்கினான். பிடிவாதம் என்றுதான் அவள் நினைத்தாள். சம்மட்டியே போதும் என்று இந்த மனிதன் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் அடுத்த நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் அவள் பின்னால் ஏறி இருந்தபோது அவன் மறுக்கவில்லை.

உட்துறைமுகப் பக்கம் பரீதா நடத்துகிற கருவிக் கடை. கணவர் வெளிநாடு போன காலத்தில் பொறுப்பெடுத்தவர், அவர் திரும்பி வந்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. இறங்குதுறையில் வேலை செய்கிறவர்களும் படகு இயந்திரம் திருத்துகிறவர்களும் அவரிடம்தான் சாமான் எடுப்பார்கள். எந்தக் கருவி எதற்கு என்பதை எடுத்துச் சொல்லாமல் எதையும் விற்கமாட்டார்.

"கிங் பின் அடிக்க ஒரு எயார் ஹமர் வேணும் அக்கா," என்றாள் றொஷானி.

பரீதா மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். றிக்சன் இருந்ததிலேயே சின்னதை எடுத்தான். கைக்குள் அடங்குகிற அளவு.

"இது காணும்," என்றான்.

றொஷானி அவனைப் பார்த்தாள். ஒரு ஸ்பனர் வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனிதன். முதலில் கையில் பட்டதையே போதும் என்கிறான்.

பரீதாவும் பார்த்தார். "தம்பி, அது தகரம் வெட்ட, துரு சுரண்ட நல்லது. கிங் பின்னுக்கு அதால கூச்சம் காட்டத்தான் ஏலும். நீங்கள் ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்து அரை மணித்தியாலம் கையில வச்சுப் பார்த்தீங்களே நீட்டுக் குழல் ஒண்டு, அதைக் கேளுங்களேன்."

றிக்சன் வாசல் பக்கம் திரும்பி, வீதியில் போன பஸ்ஸை மிகவும் அக்கறையாகப் பார்த்தான்.

"இவர் வந்தவரோ?" என்றாள் றொஷானி.

"ஓம் தங்கச்சி. இது எவ்வளவு காத்துக் குடிக்குமெண்டு கேட்டார். சொன்னன். ரயருக்குக் காத்துக் காணாமப் போகும், ஆக்கள் வீதியில காத்து நிப்பினம், எங்கட வீட்டுக்காரி கஷ்டப்படுவா எண்டு சொல்லித் திருப்பி வச்சிட்டுப் போனவர்."

றொஷானி சின்ன ஹமரை அவனுடைய கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு வருடம். இரண்டு வருடமாக இவன் பதினாலு இறாத்தலைத் தூக்கிக் கையைக் கெடுத்துக்கொண்டது, அவளுடைய காற்றைத் தொடக்கூடாது என்று.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றாள் மெதுவாக.

"கேட்டா நீர் ஓம் எண்டுதான் சொல்லுவீர்," என்றான் அவன், இன்னமும் வீதியைப் பார்த்தபடி. "அதாலதான் கேக்கேல்லை."

அதற்குமேல் அவனிடம் தெரிவை விடுவதில்லை என்று றொஷானி முடிவெடுத்தாள். கடையின் பின்வளவில் ஒரு பழைய அச்சும் கொம்பிறசரும் இருந்தன. மூன்றையும் அங்கே போட்டுப் பார்க்கக் கேட்டாள். பரீதா கண்ணாடியும் காதுமூடியும் எடுத்துக் கொடுத்தார்.

சின்னது தையல் மெசின் மாதிரிக் கடகடவென்று ஓடியது. அச்சின் மேலே இருந்த துரு மட்டும் பறந்தது. இரண்டாவது பெரியது, அடி பலமாகத்தான் இருந்தது, ஆனால் கைக்குள்ளேயே துள்ளியது. அரை நிமிடத்தில் றொஷானியின் பல்லுக் கூசி, விரல் நுனிகள் எறும்பு ஊர்வது போல் ஆகின. அவள் உடனே அதை நிறுத்தினாள்.

"இது வேண்டாம்."

"அதுதான் ரெண்டிலயும் சத்தம் கூட," என்றான் றிக்சன். குரலில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

"சத்தத்தைப் பாக்காதேங்கோ," என்றார் பரீதா. "ஒவ்வொரு அடியும் எவ்வளவு உள்ளுக்குப் போகுதெண்டு பாருங்கோ."

மூன்றாவது நீட்டுக் குழல். உள்ளே இருக்கிற உருளை தூரம் ஓடிவந்து அடிப்பதால் அடி மெதுவாக விழுந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அச்சின் அடிவரை போனது. பிடிக்குள் சுருள் வைத்து அதிர்வைக் குறைத்திருந்தார்கள். உளித்தண்டும் தடிப்பு. பாரம்தான். பாரமான சாமான் தன் பாரத்தாலேயே அமர்ந்து நிற்கும், கையைப் போட்டு இறுக்க வேண்டியதில்லை என்று பரீதா சொன்னார். றொஷானி ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தாள். நிறுத்திய பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலில் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் உணர்ச்சி இருந்தது.

"காத்து?" என்றான் றிக்சன். அவனுக்கு அது ஒன்றுதான் கவலை.

"நீங்கள் இதை விடாம எவ்வளவு நேரம் அடிப்பியள்?" என்று றொஷானி கேட்டாள்.

"பத்துச் செக்கன். பிறகு நிப்பாட்டி, எண்ணெய் விட்டு, அசைஞ்சுதோ எண்டு பாக்கோணும்."

"பத்துச் செக்கன் அடிச்சு ஒரு நிமிசம் நிப்பாட்டினா, காத்துத் தாங்கி தன்ர பாட்டில நிரம்பும். நான் ஒரு ரயருக்குக் காத்தடிச்சு மற்ற ரயரைக் கழட்டிற நேரம் கொம்பிறசர் சும்மாதானே நிக்குது. நான் கழட்டேக்க நீங்கள் அடியுங்கோ. நீங்கள் எண்ணெய் விடேக்க நான் அடிக்கிறன்."

இரண்டு வருடமாகச் சுமந்த கணக்கு இவ்வளவு இலேசாகக் கழன்று விழும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

பரீதா சிரித்தார். "கொண்டுபோய் அந்தப் பின்னில அடிச்சுப் பாருங்கோ. சரிவராட்டி திருப்பித் தாங்கோ, ஒரு கதையும் இல்லை."

மத்தியானம் வளவுக்கு வந்ததும் ஹமரைப் பூட்டினார்கள். வீரக்குட்டி சில்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். றிக்சன் விசையை அழுத்தினான். அது இருமல்காரன் போல நாலு அடி அடித்துவிட்டுச் சோர்ந்தது. மறுபடி அழுத்தினான். அதே சோர்வு. அவனுடைய முகம் விழுந்துவிட்டது.

"சொன்னனான்தானே, காத்துக் காணாது."

"பொறுங்கோ." றொஷானி ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ரயருக்குக் காற்றடிக்கிற மெல்லிய ஹோஸ், சின்னவிரல் போகாத துவாரம். தாங்கியில் காற்று இருக்கிறது, வழிதான் இல்லை. லொறி நட்டுக் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கிக்கென்று அவள் வைத்திருந்த தடித்த ஹோஸைக் கொண்டுவந்து, இணைப்புகளையும் பெரிதாக மாற்றி, நேரே தாங்கியில் பூட்டினாள். அடிப்பக்கத் திருகைத் திறந்து தாங்கியில் தங்கியிருந்த தண்ணீரை வடியவிட்டாள். ஹமரின் வாயில் மூன்று துளி எண்ணெய் விட்டாள்.

"இப்ப அடியுங்கோ."

இந்த முறை அடி விழுந்ததும் லொறி முழுக்க அதிர்ந்தது. வீரக்குட்டி ஒரு அடி பின்னுக்குத் தள்ளி இருந்தார். ஆனால் மூன்று செக்கனில் சத்தம் நின்றுவிட்டது. றிக்சன் மறுபடி அழுத்தினான், மறுபடி நின்றது. காற்றில் இப்போது ஒரு குறையும் இல்லை. விசையில் இருந்த அவனுடைய சுட்டுவிரல்தான் தானாகத் தளர்ந்துகொண்டிருந்தது. அவன் இடக்கைக்கு மாற்றப் பார்த்தான். குறுகலான இடம், கை போகவில்லை.

றொஷானி அவனுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு இருந்தாள்.

"தாங்கோ. பிடியை நான் பிடிக்கிறன். பின் என்ன செய்யுதெண்டு நீங்கள் பாருங்கோ. உங்களுக்குத்தான் அது தெரியும்."

அவன் வீரக்குட்டியை ஒருமுறை பார்த்தான். கிழவர் வானத்தைப் பார்த்து, மழை வருமோ தெரியாது என்றார். றிக்சன் ஹமரை அவளிடம் கொடுத்தான்.

அவள் உளியைக் கீழிருந்து பின்னில் ஊன்றி, பிடியைத் தோளால் தாங்கி, விசையை அழுத்தினாள். பத்துச் செக்கன். ஒன்றும் இல்லை. அவன் எண்ணெய் விட்டான். வீதியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரன் காற்றுக்கு வந்து நின்றான். வீரக்குட்டியே எழும்பிப் போய், கொஞ்சம் பொறு தம்பி என்று இருக்கப் பண்ணிவிட்டு வந்தார். இரண்டாவது தடவை. மூன்றாவது. நாலாவது தடவையில் றிக்சன் கையைத் தூக்கினான்.

"சத்தம் மாறிட்டுது. விடாதேயும், இன்னும் கொஞ்சம்."

அவளுக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. அவன் சொன்னதால் அழுத்தினாள். பின்னைச் சுற்றியிருந்த துரு வளையம் வெடித்து, சிவப்புத் தூளாக அவளுடைய கையில் கொட்டியது. பின்னின் தலை நகக்கண்ணளவு மேலே வந்தது. பிறகு விரலளவு. அதன்பிறகு சண்டை பிடிக்கவில்லை. கடைசியில் றிக்சன் குறட்டால் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான்.

"நாலு நாளா என்ர கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்," என்றார் வீரக்குட்டி பின்னைப் பார்த்து. பிறகு றொஷானியிடம், "மகள், மற்றப் பக்கத்தையும் நீங்களே அடியுங்க கா," என்றார்.

அவள் அடித்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறி புதுப் பின்களோடு இலங்கைத்துறைக்குப் போனது.

திங்கட்கிழமை றொஷானி கடையைப் பூட்டி றிக்சனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதிர்வினால் கை நரம்பு பழுதாகியிருக்கிறது, இப்போதாவது வந்தது நல்லது என்றார் டொக்டர். மூன்று மாதத்துக்குச் சம்மட்டியும் கூடாது, ஹமரும் கூடாது. றிக்சன் வளவுக்குள் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தின பிறகு, "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் வகுப்பை விட்டு வெளியே விட்ட பிள்ளை கேட்பது போல இருந்தது.

"ரயருக்குக் காத்தடியுங்கோ. இடக்கை காணும்."

அப்படித்தான் நடந்தது. பாரமான அடிவேலைகளை அவள் எடுத்தாள், எங்கே ஊன்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவன் பக்கத்தில் நின்று சொன்னான். அளவுக்கு மிஞ்சிச் சொன்னான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் காதுமூடியைப் போட்டுக்கொள்வாள். ரயர் வேலையில் முதல் கிழமை அவன் ஒரு முச்சக்கரவண்டிக்குக் கல்லுப் போலக் காற்றடித்துவிட்டான். சாரதி அரைக் கட்டை தூரம் போய்த் திரும்பி வந்து, அக்கா, இடுப்பு முறியுது, நீங்களே அடிச்சுத் தாங்கோ என்றான். றிக்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. றொஷானி சிரித்த சிரிப்பில் அதுவும் போய்விட்டது.

தை பிறந்து இரண்டாம் கிழமை, ஒரு காலையில் டிப்பர் ஒன்றுக்குக் கீழே அவள் படுத்திருந்தபோது, அவன் ரயர்க் கடையிலிருந்து அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். என்னவோ ஏதோ என்று எழும்பி ஓடினாள். அவன் ஒரு சைக்கிள் ரயரின் வால்வில் வலக்கைச் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு நின்றான்.

"காத்துப் போகுது," என்றான். "விரலில படுகுது."

அவள் அந்த வால்வைப் பார்க்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனியில் தன் நகத்தால் மெல்லக் குத்தினாள்.

"ஆ," என்றான் அவன், மிகவும் சந்தோஷமாக.