பங்கு வைத்த மாத்திரை

விடிவதற்குள் பிரேமாவின் விரல்கள் மரத்துவிட்டன. கேரளத்தில் விதுராவை அடுத்த ஹரிஷங்கரின் பால் பண்ணையில் தன் பங்கு மாடுகளோடு கணவன் தாசையனின் மாடுகளையும் அவளே கறந்துகொண்டிருந்தாள். சாணமும் மூத்திரமும் கலந்த ஆவி மூக்கை அடைத்தது. அவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகையில் தாசையன் முனகுவது இங்கே வரைக்கும் கேட்டது. பாவி மனுஷன், ஒண்ணுக்குப் போகக்கூட இப்போது அவள் தோள் வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கன்று வீசின. மாசம் நிறையாமல் செத்து விழுந்த கன்றுகளைத் தாசையனும், கூட வேலை செய்த ஓமனாவும் கோமதியம்மாளும் வெறுங்கையால் இழுத்துப் போட்டார்கள். பிறகு மூவருக்கும் காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அப்படியே ஊருக்குப் போகலாம் என்றார் முதலாளி. தாசையன் மட்டும் துணிந்து, அவருக்குத் தெரியாமல் பஸ் ஏறினான். மாட்டிடமிருந்து ஒட்டிய புருசெல்லோசிஸ் என்று சொல்லி, ஆறு வாரத்துக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள்.

அவன் அதைத் தானே விழுங்கியிருக்கலாம். பீடியிலிருந்து சோறு வரை பங்கு வைத்துப் பழகிய கூட்டமல்லவா! "ஒரே காய்ச்சல்தானே, ஆளுக்குக் கொஞ்சம் எடுப்போம்" என்று மாத்திரையையும் பங்கு வைத்தான். இரண்டே வாரத்தில் தீர்ந்தது. காய்ச்சலும் விட்டது. பிழைத்தோம் என்று மூவரும் வேலையில் நின்றார்கள். மறுபடி வந்தபோது அது தாசையனின் முதுகெலும்பில் இறங்கியிருந்தது.

நேற்று பிரேமா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் பத்மஜா தலையில் அடித்துக்கொண்டார். "பங்கு வைச்சா ஒருத்தருக்கும் தீராதும்மா. பாதி மருந்துல கிருமி சாகாது. இனி இவருக்கு மாசக்கணக்கா மருந்து, ஊசியும் வேணும். நாளைக்கே அட்மிட் பண்ணணும். மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அவங்கவங்களுக்கு முழு மருந்து."

பால் கேன் ஏற்ற வந்த ஹரிஷங்கர் அவள் முன்னால் நின்றார். "தாசையனுக்கு மாத்திரை நான் வாங்கித் தரேன், கேட்டோ. ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டா. பண்ணைப் பேரு வெளியே போனா மாட்டுக்கெல்லாம் டெஸ்ட் வரும், பாலு எவனும் எடுக்க மாட்டான்."

"அவருக்கு ஊசி போடணும் சார். நடக்க முடியல."

"போனா பின்னே பணியும் இல்லை, ரூமும் இல்லை."

பிரேமாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எங்கே போவாள்? எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவளுக்கென்று ஒரு கூரையும் இல்லை. வெட்கங்கெட்ட கை மறுபடி மடியைத்தான் பிடித்தது.

வாளி நகரும் சத்தம் கேட்டது. கோமதியம்மாள் எழுந்து நின்றாள்.

"நமக்குப் பங்கு தந்துட்டுல்லா அவன் இப்படிக் கெடக்கான். இனி என்னத்த பாக்க?"

"நானும் உண்டு. தாசையனைத் தூக்கிட்டுப் போகாம்" என்றாள் ஓமனா. காய்ச்சலே வராத மற்ற பண்ணை ஆட்களும் எழுந்தார்கள். எங்கள் இரத்தத்தையும் சோதிக்கட்டும் என்றார்கள்.

"மாட்டை யாரு கறக்கும்?" என்று கத்தினார் ஹரிஷங்கர்.

"மடி கனக்குது சார். சீக்கிரம் உக்காருங்க" என்றாள் கோமதியம்மாள்.

தாசையனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள். மாடுகள் பின்னால் கதறின. வாயில்லா ஜீவன்கள் என்ன செய்யும்? ஆனாலும் பிரேமா திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே வேலை செய்யும் இடத்தைக் கேட்டார்: "எவிடெயா பணி?"

பண்ணைப் பெயரைச் சொன்னால் கெஞ்சித் திரும்பவும் வழியில்லை, இன்றைக்கு ராத்திரி படுக்க இடமில்லை. சொல்லாவிட்டால் மாடுகள் கன்று வீசிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தாசையனைப் பார்த்தாள். அவன் எழுந்து நடப்பானா என்பதே தெரியவில்லை. ஓமனாவின் கொதிக்கும் கை அவள் முதுகைத் தொட்டது.

பிரேமா பண்ணையின் பெயரைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பண்ணை ஆட்கள், கேட்கும்வரை காத்திராமல், அதே பெயரை ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொன்னார்கள்.