துரையின் ‘கோ’

பெரியாற்று அணை வேலைக்குக் கூடலூரில் ஆளெடுத்த துரைக்குப் பங்கிராஸ் மொழிபெயர்ப்பாளர். இயந்திரம் ஓடினாலும், பால் திரிந்தாலும், ஆள் செத்தாலும் துரைக்கு ‘கோ’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். மலையேறும் கூலிகளிடம் அதைப் பங்கிராஸ் “போயிட்டு வாங்க” என்றே சொல்வார். வெறும் “போ” என்றால் எவரும் கிளம்பமாட்டார்கள்.

அவர் தம்பி இன்னாசியும் அப்படித்தான் கிளம்பினான். காய்ச்சலில் செத்தவனை மலையிலேயே புதைத்தார்கள்.

“‘கோ’வின் இறந்தகாலம் ‘வெண்ட்’. அது வேறு சொல்லிடம் வாங்கியது. பூர்வத்தில் அதற்குத் திரும்புதல் என்று பொருள்” என்றார், சாவுச் சேதி வந்ததும், சொல்லாராய்ச்சியில் ஆசையுள்ள துரை.

அன்று அந்தியில் இன்னாசி மண் அப்பிய தலையோடு வாசலில் நின்றான்.

“வரச் சொன்னீகல்ல, அண்ணே.”

உள்ளே அவன் மனைவி வியாகுலமேரி பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். “யாரு வந்திருக்காக?” என்று கேட்டாள்.

வெறுமனே “போ” என்றால் போய்விடுவான். தம்பியிடம் அதைச் சொல்லப் பங்கிராஸுக்கு வாய் வரவில்லை. வாசலை விட்டு விலகி நின்றார்.