எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில்

நோயலின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் எலும்பு இல்லாமல் போனதற்குக் காரணம் பக்தவச்சலம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் யார்டு வைத்திருக்கும் முதலாளி. பொங்கல் முடிந்த ஞாயிறு, டிரைவர் யாரும் இல்லையென்று தானே வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் நின்று குரல் கொடுத்த கிளீனர் நோயல் மேல் சக்கரம் ஏறியது. அத்தோடு விட்டாரா? குடித்துவிட்டு ரோட்டில் எவன் வண்டியிலோ விழுந்தான் என்று ஊரெல்லாம் சொல்லி, அடையாளம் தெரியாமலிருக்க அந்தப் பச்சை டிரெய்லருக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு போன இடத்தை முதலில் எலும்புக்கென்றே உள்ள சிமென்ட் வைத்து அடைத்தார்கள். அதைச் சுற்றி உடம்பே ஒரு சவ்வை வளர்க்குமாம். வளர்ந்ததும் சிமென்டை உடைத்து எடுத்து, இடுப்பிலிருந்து சுரண்டிய எலும்பை அந்தச் சவ்வுக்குள் நிரப்பினார்கள். இடுப்பு வலி கால் வலியைத் தூக்கிச் சாப்பிட்டது. நோயல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நர்சிடம் கெஞ்சி, சிமென்டில் ஒரு பெரிய துண்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

ராயபுரம் கோயிலில் ஜெபம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையை மன்னிக்கிறோம் என்கிற வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வான்.

"இன்னாத்துக்கு அத மட்டும் முழுங்குற?" என்று மனைவி ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"அவன் வாயால ஒத்துக்கட்டும். அப்பால சொல்றேன்."

ஆயுத பூஜைக்குள் எலும்பு கூடிவிட்டது. கோலோடு நடக்கலாம் என்றார் டாக்டர். நோயல் யார்டு கேட்டில் கோலை ஃப்ளோரன்ஸிடம் கொடுத்துவிட்டு, நொண்டியபடி தனியாக உள்ளே போனான்.

நீல டிரெய்லருக்கு மாலை போட்டிருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதை நசுக்கி வண்டியை எடுக்க பக்தவச்சலமே ஏறி உட்கார்ந்திருந்தார். ரத்தம் பார்த்த வண்டியைப் பரிகாரம் செய்யாமல் மறைத்து ஓட்டினால், அடுத்த பலி ஓட்டுகிறவன்தான் என்பது டிரைவர்களின் நம்பிக்கை. அவரும் டிரைவராக இருந்து வந்தவர்.

நோயல் குனிந்து பழத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிமென்ட் துண்டை வைத்தான்.

"இன்னாடா அது?"

"என் கால்ல எலும்புக்குப் பதிலா வெச்சிருந்தது, மொதலாளி. பச்சையா இருந்தப்போ இந்த வண்டிதான் என் மேல ஏறுச்சு. நீங்கதான் ஓட்டுனீங்க. நான் சொல்றது பொய்னா ஏத்துங்க."

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பக்தவச்சலத்தின் கை கியரில் இருந்தது. வண்டி நகரவில்லை. கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"கண்ணாடில தெரியலடா," என்றார், தலைகுனிந்தபடி.

சாவியை நீட்டினார். அந்த வண்டியை ஓட்டும் டிரைவர் லட்சுமணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் நகர்ந்துகொண்டார்கள். இத்தனை மாதத்தில் நோயலுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் அந்த வரி வந்தது. ஃப்ளோரன்ஸ் திரும்பிப் பார்த்தாள். நோயல் வாயைத் திறக்கவில்லை.

"அதான் ஒத்துக்கினாரே," என்றாள் மெதுவாக.

"ஒத்துக்கினான். எனக்குத்தான் வரல."