பத்து நிமிஷ ஜெபம்

மேக்கப் ஏன் வெடிக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். காய்ந்த தோலில் போட்டால் வெடிக்கும். ஒரே பூச்சாகத் தடியாக அப்பினால் வெடிக்கும். அடிப்பூச்சு உலராமல் பவுடரைக் கொட்டினால் வெடிக்கும். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, செட் ஆவதற்குள் பல்லை இளித்தாலும் மூக்கோரத்தில் தொடங்கி வாய்வரை வெடிக்கும்.

நான் பென்சன். திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சென்னையில் மிஸ் கனகாம்பரம். டிராக் ஷோ என்பார்கள். ஆண்கள் பெண் வேஷத்தில் மேடையேறி ஆடி, வந்தவர்களைக் கலாய்க்கிற நிகழ்ச்சி. அங்கே முகம் போட ஒரு மூலைகூடக் கிடையாது. இங்கேயே போட்டுக்கொண்டு, மாஸ்க்கும் தொப்பியுமாக மின்சார ரயிலேறுவேன். இரண்டு மணிநேர ஜன்னல் காற்றுக்கும் முகம் தாங்க வேண்டும்.

போட்டுவிடுவது டெபோரா. என் மாமா மகள். பைபாஸில் கல்யாண மேக்கப் பார்லர் வைத்திருக்கிறாள். முதலில் இரண்டு சொட்டு எண்ணெய், அது ஊறியதும் டிஷ்யூவால் ஒற்றி, மெல்லிய பூச்சு, உலர விட்டு இன்னொரு மெல்லிய பூச்சு என்று நான் என் மூஞ்சியில் சோதித்துக் கண்டுபிடித்ததைத்தான் அவள் மணப்பெண்களுக்குச் செய்து பேர் வாங்கினாள். வாங்கட்டும், நம்ம டெபோராதானே என்றிருந்தேன்.

கடைசிப் பத்து நிமிஷத்துக்கு நாங்கள் வைத்த பேர் ஜெபம். கண்ணை மூடி, பேசாமல், சிரிக்காமல் உட்கார வேண்டும். சண்டே ஸ்கூலில் ஜெப நேரத்தில் சிரித்து ஒன்றாக முட்டி போட்டவர்கள் நாங்கள். "ஜெபத்துல இருடா" என்பாள். நான் சிலையாகிவிடுவேன்.

வீட்டில் சொன்ன பொய்யும் அதுதான். அரக்கோணத்தில் வாலிபர் ஜெபக்கூட்டம். அம்மாவிடம் அதைச் சொல்லி நம்பவைத்தவளும் டெபோராதான். என் அம்மா தேவசுந்தரி சந்தேகப்படத் தெரியாதவள்.

ஆனால் பொய்யிலேயே கிடக்க எனக்கு இஷ்டமில்லை. அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், என் வாயால். அவள் முதல்முதலாகப் பார்க்கும்போது கனகாம்பரம் அப்பழுக்கில்லாத அழகோடு இருக்க வேண்டும். டெபோரா கல்யாணம் முடிந்த மறுவாரம் என்று நாள்கூடக் குறித்திருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தையை இதே நாற்காலியில் ஒத்திகை பார்த்தோம். டெபோரா அம்மாவாக இடுப்பில் கை வைத்து முறைப்பாள். நான், "இதுவும் உன் புள்ளதாம்மா" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் ஒருநாள் அழுதாள். "கண்டிப்பா ஒத்துக்குவாங்கடா" என்றாள்.

போன சனிக்கிழமை அவள் எண்ணெய் பாட்டிலைத் தொடவே இல்லை.

"எண்ணெ?" என்றேன்.

"வெயில் கொளுத்துது, வழிஞ்சிகினு நிக்கும். சும்மா இரு."

பூச்சும் தடியாக இருந்தது. உலர்வதற்குள் பவுடர் விழுந்தது. மேக்கப்பில் எவளுக்கும் பாடம் எடுப்பவன் நான், அன்று வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தேன். கல்யாணப் பெண், அவசரம் என்று அவளுக்காக நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"ஜெபத்துல இருடா."

கண்ணை மூடினேன். ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. டீ வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீலகிரித் தைலம் வாசனை வந்தது. அம்மா முட்டிக்குத் தேய்க்கிற தைலம்.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் என் முதுகுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"பென்சனா?" என்றாள்.

சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டையில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். மூக்கோரம் பிளந்தது. நெற்றி பாளம் பாளமாக வெடித்தது. கன்னத்திலிருந்து ஒரு சில்லு மடியில் விழுந்தது. அம்மா இரண்டடி பின்னால் போனாள்.

"அத்தே, மாப்பிள்ள வூட்ல இவன் வீடியோவ அனுப்பி இது யாருன்னு கேக்குறாங்க," என்றாள் டெபோரா. "என் கல்யாணம் நின்னுடும். நீங்க சொன்னாதான் அடங்குவான்."

"எண்ணெய வேணும்னேதான வுட்ட?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "மூஞ்சி நல்லா இருந்தா அத்தே மனசு எளகிடும்டா."

அடிப்பாவி. அம்மாவிடம் போட்டுக்கொடுத்ததைக்கூட மறந்திருப்பேன். என் முகத்தையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தாளே, அதுதான் பொறுக்கவில்லை.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷமா, அத்தே."

"அரக்கோணத்துல ஜெபம்னு நீதான சொன்ன?"

டெபோரா பவுடர் பஞ்சை விரலில் சுருட்டினாள்.

"ரெண்டு பேரும் நல்லா ஜெபம் பண்ணீங்க," என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கிப் போனாள்.

டெபோரா பவுடர் பஞ்சோடு கிட்டே வந்தாள். "சரி பண்ணிடறேன்டா."

"தொடாத!"

வெடித்த இடத்தில் பவுடர் வைத்தால் இன்னும் வெடிக்கும். காது குடையும் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, பிளவின் ஓரங்களைக் கரைத்தேன். பெயர்ந்ததை எடுத்துவிட்டு டிஷ்யூவால் ஒற்றினேன். ஈர ஸ்பாஞ்சில் மெல்லியதாகத் தட்டித் தட்டி ஓரத்தோடு சேர்த்தேன். உலர விட்டு மறுபடி. ரயில் போகும் சத்தம் கேட்டது. போகட்டும், இந்த முகம் இன்று சென்னைக்கு இல்லை, அம்மாவுக்கு. கடைசிப் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தேன், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு.

பட்டுப்புடவையைக் கட்டி, விக்கை வைத்து எழுந்தேன்.

"மாஸ்க்காவது போட்டுகினு போடா, எல்லாரும் பாப்பாங்க," என்றாள் டெபோரா.

போடவில்லை. பஸ் ஸ்டாண்டு வழியாகவே நடந்தேன். திருப்பதி பஸ்ஸுக்கு நின்ற சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் மொத்தமும் திரும்பின. எங்கள் கடைக்கு தினமும் வரும் பத்திர எழுத்தர் பச்சையப்பன் கும்பிடவா வேண்டாமா என்று கையைப் பாதியில் நிறுத்தினார். புடவைக் கொசுவம் இரண்டு தரம் காலில் மாட்டியது. முகம் மட்டும் அசையவில்லை.

அம்மாதான் கதவைத் திறந்தாள். இந்த முறை பின்னால் போகவில்லை. நெற்றி, கண், உதடு என்று ஒவ்வொன்றாக, வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, நானே சொல்லணும்னு…"

"தெரியும்," என்றாள். "இதுவும் உன் புள்ளதாம்மான்னு சொல்லுவ. 'அழுதுகினே சொல்லுவான், ஏமாந்துடாதீங்க'ன்னு டெபோரா காலையிலயே சொல்ட்டா."

என் முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.