மூன்று நாள் பேச்சு இல்லை

போதகர் பன்னிரண்டாவது வசனத்துக்கு வந்திருந்தார். கட்டிலில் கிடந்த அவருடைய அக்கா மெல்லக் கையைத் தூக்கி, திறந்திருந்த வேதாகமத்தின் மேல் விரித்து வைத்தாள்.

"போதும்டா. யாருக்குப் படிக்கிற?"

"உனக்குத்தான்க்கா. ஆறுதலா இருக்குமேன்னு."

"ரயில் நிலையத்துல அறிவிப்பு குடுக்கிற மாதிரி இருக்கு."

சுவரோரம் போர்வை மடித்துக்கொண்டிருந்த சுருட்டை சிரிப்பை அடக்கப் போர்வைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அக்காவுக்குக் கீழே வேலை பழகிய பெண் அவள். முடியை வைத்து அங்கே எல்லாருக்கும் அவள் சுருட்டைதான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் கைவிரித்த நாள் முதல், விடுப்பு போட்டுவிட்டு அக்காவின் இந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே இருந்தாள்.

போதகர் புத்தகத்தை மூடினார். "சரி. ஜெபம் பண்ணட்டுமா?"

"வேண்டாம். எங்களுக்குள்ள மூணு நாளாப் பேச்சு இல்ல."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் உன் முதலாளிக்கும்."

அக்கா இப்படித்தான். முப்பது வருடம் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. கடவுளோடு பேசத் தோதான இடம் என்பாள். கறை போகாத விரிப்பு, மேற்பார்வையாளரின் வாய், தன் முழங்கால் வலி என்று ஒன்று விடாமல் சொல்வாள். சண்டை போடுவாள். மறுநாள் தானே போய்ச் சமாதானமாவாள். இயந்திரத்தைத்தான் திட்டுகிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஏழு வருடம் இறையியல் படித்துவந்த தம்பிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு சங்கடமாகிவிட்டது.

"இந்த நேரத்துல என்னக்கா கோவம்?"

"உன் விஷயமாத்தான்." மூச்சு வாங்கியது, கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "ஆறு வருஷமாக் கேக்கறேன். என் தம்பியத் திருப்பிக் குடுன்னு. இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறார். எனக்கு எங்க நேரம் இருக்கு? அதான் பேச்சை நிறுத்திட்டேன்."

ஆறு வருடத்துக்கு முன்பு போதகரின் மனைவி இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மண்டியிட்டபோது, அவர் வாயில் வந்ததெல்லாம் அச்சடித்த வார்த்தைகள். அன்றிலிருந்து அவற்றை விட்டு அவர் வெளியே வரவில்லை. ஒரு ஞாயிறு தவறவில்லை, ஒரு பிரசங்கத்தில் பிழையில்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

"நான் தினம் மூணு வேளை ஜெபம் பண்றேன்க்கா."

"அது இல்லடா. பேசி எவ்வளவு நாளாச்சு?"

போதகர் மூடிய புத்தகத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"என்னால இறங்கிவர முடியாது. நீ போய்ச் சொல்லு, அக்கா கோவமா இருக்கான்னு."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. ஜெபம்னா அதுக்குன்னு ஒரு..."

"ஒரு?"

அந்த வார்த்தை அகப்படவில்லை. அக்காவின் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்தார். தண்ணீர் ஒரு சாக்குதான். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தம்ளர் நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ, "ஐயா!" என்று சுருட்டை கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, போதகர் சுருட்டையிடம் கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"'சரி, போ'ன்னாங்க."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டன்னு நெனச்சேன். நீங்கதானே எழுந்து போனீங்க."

"நான் போன உடனேயா? கொஞ்சம் கழிச்சா?"

சுருட்டை யோசித்தாள். "ரெண்டு போர்வை மடிச்சிருப்பேன்."

அப்படியானால் அப்போது அவர் அறையிலேயே இல்லை; அக்கா சொன்னது அவருடைய முதலாளியிடம்தான். "கோவமாச் சொன்னாளா, சிரிச்சுக்கிட்டா?"

"அக்கா எதைச் சொன்னாலும் ஒரே மாதிரிதானே ஐயா இருக்கும்?"

சரி, போ. சண்டையை விட்டுக்கொடுப்பவரும் அதைத்தான் சொல்வார். இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பவரும் அதையேதான் சொல்வார். மூன்று நாள் கோபத்துக்காக ஒருத்திக்குக் கதவைச் சாத்துகிறவர் அல்ல கடவுள். இதைப் போதகரே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்களிடம் சொன்னபோது சுலபமாக இருந்தது. இப்போது மனம் அதைப் பிடித்துக்கொள்ள மறுத்தது. சமாதானமாகிப் போனாளா, முறித்துக்கொண்டு போனாளா? முறித்துக்கொண்டு என்றால், அது யாரால்? சுருட்டையிடம் அதையே மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் அடக்கம். வேறு போதகரை அழைக்கலாமே என்று சபை மூப்பர் சொல்லிப் பார்த்தார், இவர் கேட்கவில்லை. காலை முறை வேலை முடிந்து சலவைப் பிரிவுப் பெண்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். பெட்டி குழிக்குள் இறங்கியது. போதகர் அடக்க ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து, நூற்றுக்கணக்கான குழிகளின் ஓரத்தில் படித்த அதே பக்கத்தைப் படித்தார். 'நிச்சயமான நம்பிக்கையோடு' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

அழுகிறார் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அழவில்லை. அடுத்த வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா உங்க மேல கோவமா இருக்கா," என்றார். அது பிரசங்கக் குரல் இல்லை. "சொல்லச் சொன்னா. நேத்து சொல்லல. இப்ப சொல்றேன்."

குனிந்த தலைகள் நிமிர்ந்தன.

"நானும் கோவமாத்தான் இருக்கேன். என் பொண்டாட்டி படுத்த படுக்கையா இருந்தப்ப உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுக்கப்புறம் ஆறு வருஷமா எதுவுமே கேக்கல. கவனிச்சீங்களா இல்லையா? உங்க வேலையெல்லாம் ஒழுங்காச் செஞ்சேன். அது போதும்னு இருந்துட்டீங்களா?" மூச்சு விட்டார். "இப்ப ஒண்ணு கேக்கறேன். நீங்களும் அக்காவும் சமாதானம் ஆயிட்டீங்களா? அது எனக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லட்டும் என்று பேச்சை நிறுத்துவோமே, அப்படி. ஒன்றும் நடக்கவில்லை. மூப்பர் தொண்டையைச் செருமினார். தூரத்துச் சாலையில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து நின்றது.

போதகர் மீதியைப் படித்து முடித்தார். இரண்டு இடத்தில் வரி தவறியது, ஓர் இடத்தில் குரல் உடைந்தது.

"உடம்புக்கு முடியலையா ஐயா?" என்று மூப்பர் காதோடு கேட்டார்.

"தெரியல," என்றார் போதகர். உண்மையாகவே தெரியவில்லை.

ஒவ்வொருவராகக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சுருட்டை மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவர் கையை அழுத்திவிட்டுப் போனாள். போதகர் குழி ஓரத்தில் இருந்த மரப்பலகையில் உட்கார்ந்தார். முதலில் திட்டுவது போல ஏதோ முணுமுணுத்தார். பிறகு குரல் தணிந்தது. மனைவியின் கடைசி வாரத்தைப் பற்றி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தினார், தலையை ஆட்டினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பது இன்னும் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

குழிவெட்டுகிறவர் மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். "முடிஞ்சுதா ஐயா? மண்ணைத் தள்ளிடலாமா?"

"கொஞ்சம் இருங்க. பேசிக்கிட்டிருக்கேன்."

குழிவெட்டுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் குவியலில் குத்தி நிறுத்தினார். புல்லில் உட்கார்ந்து, ஒரு காலணியைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினார்.